முகத்துக்குத்தான் போகிறோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஸ்டெல்லா போன் செய்தாள். "முகத்துக்கு ஒரு டிரீட்மென்ட் எடுக்கணும். துணைக்கு வரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவுடரைத் தவிர வேறெதையும் முகத்தில் அண்டவிடாதவள் அவள். மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். ஐம்பத்து மூன்று வயதாகிறது. அந்த முகத்தில் சுருக்கம் தேட நாம்தான் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். உனக்கு எதுக்குடி என்று கேட்டேன். வா, சொல்றேன் என்று வைத்துவிட்டாள்.

(இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மட்டும் மாற்று, மற்றதை உள்ளபடி எழுது, நாலு பேருக்கு உதவும் என்றாள். டீச்சர் அல்லவா!)

கிளினிக் எங்கே தெரியுமா? சோழிங்கநல்லூரில். எங்கள் சேலையூரிலேயே தெருவுக்குத் தெரு ஸ்கின் கிளினிக் போர்டு தொங்குகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மேடவாக்கம் டிராஃபிக்கில் போய் மாட்டிக்கொள்வானேன்? தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். முகத்துக்குப் பண்ணிக்கொள்வதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

மேடவாக்கம் சிக்னலில்தான் விஷயம் வெளியே வந்தது. கால் டாக்ஸி டிரைவர் மரியாதைக்கு எஃப்.எம்.மை வேறு அணைத்துவிட்டார். அதனால் என் காதுக்குள் சொன்னாள். பீரியட்ஸ் நின்றதிலிருந்து அந்த இடம் வறண்டுபோய், கணவர் நெருங்கினாலே வலி. வலியை நினைத்து பயம். வாயைத் திறந்து சொல்லக் கூச்சம். ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டவரிடம், உங்க குறட்டை தாங்க முடியல என்று சொல்லிவிட்டாள்.

இங்கே அவள் கணவர் டேவிட் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் அதைச் சரிசெய்யாமல் தூங்க மாட்டார். இப்போது தூங்குவதே குறையாகிவிட்டதா... மனிதர் முழுமூச்சாக இறங்கிவிட்டார். ராத்திரிச் சோறு போய் கோதுமை ரவை உப்புமா வந்தது. விடிந்தால் வாக்கிங். மூக்கின் மேல் ஒட்டிக்கொள்ளும் பட்டை. மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வரும் என்று யாரோ சொல்ல, பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தானே தைத்துக்கொண்டார். தினமும் காலையில் காபியோடு வந்து, நேத்து சத்தம் வந்துச்சா என்று கேட்பாராம். லேசா வந்துச்சு என்று இவள் சொல்ல வேண்டும். தினமும்!

"அவர் மூஞ்சி அப்படியே விழுந்துடும்டி. அதைப் பார்க்க முடியல" என்றாள் ஸ்டெல்லா. கண் கலங்கியிருந்தது.

ஒரு வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. இப்போது மட்டும் என்ன அவசரம்? அண்ணன் போனில் ஒரு ஆப் போட்டுவிட்டார் — ராத்திரி அறையில் கேட்கும் சத்தத்தைப் பதிவு செய்கிற ஆப். முந்தின ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஓடிவந்து காட்டியிருக்கிறார். ஒரு குறட்டைகூட இல்லை. "பாஸாயிட்டேன் ஸ்டெல்லா. இனிமே நீ நம்ம ரூமுக்கு வரலாம்" என்றாராம்.

பாவம், மாட்டிக்கொண்டாள்.

கிளினிக் கதவைத் திறந்தோம். எதிர் சோபாவில் யார்? கிழக்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்வியக்கா! யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஊரைச் சுற்றி வந்தால், ஊரே முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கேட்காமலே, முகத்துக்குத்தான் வந்தேன்க்கா என்றாள். ஆமாம், முகத்துக்குத்தான் என்று நானும் ஒத்து ஊதினேன்.

செல்வியக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சிக்கு இன்னாத்துக்கு டீச்சர் இம்மாந்தூரம் வரணும்? நம்ம ஏரியாலயே அத்தினி கீது. மாசம் நின்னப்புறம் ஒரே பேஜாரா கீதுன்னு நான் வந்தேன். எங்க வூட்டுக்காரரு கீழ கார்ல குந்தினுகீறாரு."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு நிம்மதியாக டி.வி. பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் இருவருக்கும்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். பெண்களுக்கான மருத்துவம் படித்தவர். ஸ்டெல்லா என் கையை விடாததால் நானும் உள்ளே போனேன். அடுத்த அறைக்குத் தலையணை போன கதை வரைக்கும் அவரிடம் சொல்லிவிட்டாள். திரைக்குப் பின்னால் அவளைப் பரிசோதித்துவிட்டு வந்து பொறுமையாக விளக்கினார். ஊசியே கிடையாது. ஒரு ஜெல்லைத் தடவி அதன் மேல் இன்னொன்றைப் பூசினால், இரண்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு வெளிவரும். சோடாவில் பொங்குகிறதே, அதே வாயு. அது தோலுக்குள் இறங்கினால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். முகத்துக்கும் போடலாம், வறண்டுபோன மற்ற இடத்துக்கும் போடலாம். ஆனால் இது மேஜிக் இல்லை, சிலருக்குக் கேட்கும், சிலருக்கு அவ்வளவாகக் கேட்காது என்றும் சொன்னார். வறட்சிக்கு ஒரு க்ரீமும் எழுதிக் கொடுத்தார். இந்த வயதில் நிறையப் பேருக்கு வருவதுதானாம்... வந்து சொல்பவர்கள்தான் குறைவாம்.

ஸ்டெல்லாவுக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். கரியமில வாயு கழிவு என்று இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அதையே பூசிக்கொள்ள வந்திருக்கிறேனே என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"முகத்துக்குன்னு சொல்லியிருக்கேன் டாக்டர்."

"சரி மேடம், குணமானதும் என்ன சொல்வீங்க? முகம் சரியாயிடுச்சு, அதனால இந்த ரூமுக்கு வந்துட்டேன்னா?"

ஸ்டெல்லா க்ரீம் சீட்டை நாலாக மடித்து ஹேண்ட்பேகில் வைத்தாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே... முகத்துக்கும் ஒரு முறை போட்டுக்கொண்டாள். எறும்பு ஊர்வது போல இருந்ததாம். திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

வீட்டில் அண்ணன் டீ போட்டு வைத்திருந்தார். ஸ்டெல்லாவின் முகத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகத் திருப்பி, கணக்கு சரிபார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். பளிச்சுனு இருக்கு என்றார். கொஞ்சம் தயங்கினார்.

"ஆனா... முன்னாடியும் நல்லாத்தானே இருந்துச்சு?"

ஸ்டெல்லா உடைந்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அண்ணன் பதறிப்போய் என்னைப் பார்த்தார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன். துணைக்குப் போகிறவர்களுக்கு எங்கே கழன்றுகொள்ள வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் போனில் சொன்னாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். அண்ணன் எழுந்து போய், ஆறிப்போன டீயைச் சுடவைத்துக் கொண்டுவந்தாராம். கடைசியில், "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சும்மா பக்கத்துல படுத்துட்டு இருந்திருப்பேனே" என்றிருக்கிறார். அதற்கப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"அப்ப அந்த உப்புமா?"

இதைச் சொல்லும்போது ஸ்டெல்லா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டுமே வந்தது.

யோசித்துப் பாருங்கள். சுகர் எவ்வளவு என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரம்மாவிடம் சொல்கிறோம். மூட்டுவலியைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இந்த ஒரு வலியை மட்டும், நமக்காக முதுகில் பந்தைக் கட்டிக்கொண்டு படுக்கிற மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லையே... ஏன்?

அடுத்தடுத்த சிட்டிங்குகளுக்கு என் துணை தேவைப்படவில்லை. அண்ணனே கூட்டிப்போகிறார். கீழே நின்று செல்வியக்கா வீட்டுக்காரரோடு கிரிக்கெட் பேசுகிறாராம். வலி குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை, அவசரமும் இல்லை என்கிறாள் ஸ்டெல்லா. தலையணை மட்டும் பழைய அறைக்குத் திரும்பிவிட்டது.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் சமையலறைக்குள் போன நேரம் பார்த்து அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, போனில் அந்த ஆப்பைப் போட்டுக் காட்டினார். கனத்த குறட்டை. மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணா என்றேன்.

"நான் இல்லம்மா... அவ."

அவளிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒரு வருஷமா அந்த ரூம் ரொம்ப அமைதியா இருந்துச்சும்மா."

இதை எழுத ஸ்டெல்லாவிடம் நான் அனுமதி வாங்கியது தலையணை வரைக்கும்தான்!