ஆறு மணிக்குத் தூங்கும் மீன்

கடல் மீன் வளர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது தொண்ணூறுகளின் நடுவில். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்காலி போட இடம் விடாமல், நான்கரை அடிக் கண்ணாடித் தொட்டி உட்கார்ந்திருந்தது. வாரம் தவறாமல் ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்குப் போய்க் கடல் தண்ணீர் கொண்டுவருவேன். அங்கே பழக்கமான மீனவர் ஒருநாள் ஒரு கிளி மீனை உயிரோடு வாளியில் வைத்திருந்தார். ஒரு சாணுக்கு மேல் நீளம், பச்சை உடம்பு, நீலக் கோடு, துருத்திய பல்.

"இத்தப் போயி வளக்கப் போறியா? கொயம்பு வச்சா சோக்கா இருக்கும் சார்" என்றார்.

முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. மீனை அம்மா எப்படியோ பொறுத்துக்கொண்டாள். அதற்குப் போடும் இறாலைத்தான் பொறுக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் தனிக் கத்தியில் நறுக்க வேண்டும், முடிந்ததும் எனக்குத் தலைக்கு ஸ்நானம். அந்த மீனால் எனக்கு ஜலதோஷம் இல்லாத நாளே கிடையாது.

வந்த அன்று சாயங்காலமே மீனைக் காணோம். துள்ளி விழுந்துவிட்டதோ என்று சோபாவுக்கு அடியிலெல்லாம் தேடினேன். மறுநாள் காலை மணலுக்குள்ளிருந்து சாவகாசமாக எழுந்து வந்தது. பொழுது சாய்ந்தால் மணலைத் தோண்டிப் படுத்துவிடுவது அந்த ஜாதியின் வழக்கமாம்.

இதெல்லாம் தெரிந்தும் நான் வாயை விட்டேன். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட இடமில்லை, மீனைக் கடலில் விட்டுவிட்டுத் தொட்டியைக் காலி பண்ணு என்றாள் அம்மா.

"தொட்டியும் கொலுதாம்மா. மச்சாவதாரப் பொம்மைக்குப் பக்கத்துலயே நிஜ மீன்! எதிராத்து மாமி கொலுவுல இது உண்டா?"

எதிர்வீட்டு மாமிக்கும் அம்மாவுக்கும் கொலுவில் பல வருஷப் போட்டி. அம்மா மடங்கினாள்.

"விஜயதசமி வரைக்கும் பார்க்கறேன். வர்றவா பார்த்து நன்னாருக்குன்னு சொன்னா இருக்கட்டும். இல்லேன்னா கடல்ல விட்டுட்டு வந்துடு. அதுவரைக்கும் எறா கிறா ஆத்துக்குள்ள வரப்படாது."

அதுவரை மீனுக்குப் பாக்கெட் தீனி என்று முடிவாயிற்று. பரணிலிருந்து பொம்மைகள் இறங்கின. எங்கள் கொலுவில் ஒருமுறை ஏறிய பொம்மை பிறகு வீட்டை விட்டுப் போனதில்லை. மூக்குடைந்த செட்டியாருக்குக்கூட மூன்றாம் படியில் நிரந்தர இடம். மீனுக்குத்தான் தவணை.

கொலு பார்க்க வருகிறவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள் என்பது மயிலாப்பூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரண்டு ட்யூப்லைட்டை எரியவிட்டால் மீனுக்குப் பகல்தானே என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். முதல் நாள் ஆறு மணிக்கு மீன் என் ட்யூப்லைட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மணலுக்குள் போய்விட்டது.

"தண்ணிக்கு எதுக்குடா இத்தனை லைட்டு?" என்றார் ஒரு மாமி.

"காலம்பற வந்தா பார்க்கலாம் மாமி."

"கொலுவுக்குக் காலம்பற வரச் சொல்றான், கேட்டேளா!"

தினமும் இதே கூத்து. தெருவில் தலை காட்ட முடியவில்லை. ஆறாம் நாள் விடியற்காலை கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா விளக்கேற்றிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். மீன் மணலை உதறிக்கொண்டு கண்ணாடியருகே வந்தது.

"ஏந்துண்டாச்சா? நேத்திக்கும் என் மானத்தை வாங்கிட்டியேடா" என்றாள் அதனிடம். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் எதிர்வீட்டு மாமியே வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உம் பிள்ளை மீன் வாங்கினானா, மணல் வாங்கினானா?" என்றார். கூடமே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைக் கையை மடித்து, அடிக்கோலால் மணலைக் கிளறப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தூங்கறதை எழுப்பாதேடா, பாவம்." பிறகு மாமியிடம் திரும்பினாள். "எங்காத்து மீன் ஆறு மணிக்கு மேல யாரையும் பார்க்காது மாமி. சுண்டல் எடுத்துக்கோங்கோ."

மாமியிடம் அம்மா என்ன சொன்னாலும் எங்களுக்குள் பேசின பேச்சு பேச்சுதான். வந்தவர் ஒருவரும் மீனைப் பார்க்கவில்லை. விஜயதசமியன்று வாளியைக் கழுவி வாசற்கதவோரம் வைத்தேன். அழுகை வந்தது, இத்தனை வயதில் ஒரு மீனுக்காகவா என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆரத்தி முடிந்தது. ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத்தான் கொலுவை முடிப்பது வழக்கம். எங்கள் வீட்டில் எப்போதும் படுப்பது மரப்பாச்சி. அம்மா மரப்பாச்சியைக் கையில் எடுத்தாள். தொட்டியைப் பார்த்தாள். மரப்பாச்சியைப் பழையபடி நிற்க வைத்தாள்.

"என்னம்மா, படுக்க வைக்கலையா?"

"அதான் ஒண்ணு அப்பவே படுத்துண்டாச்சே" என்றாள். கற்பூரத் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"காலம்பற அதுக்கு எறா வாங்கிண்டு வா. பெரிசாப் பார்த்து வாங்கு."