பாட்டுக்குப் பதில் ஒரு வாக்கியம்

நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இலக்கணத்தில் எனக்குப் பிடிக்காத பாடம் என்று எதுவும் இல்லை. பயந்த பாடம் ஒன்று உண்டு. 'இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன்' என்று நிபந்தனை போட்டுப் பேசுகிற வாக்கியங்கள் வருகிற பாடம். அந்த வாரத்தில் வகுப்பில் யாராவது 'இஃப்' என்று வாயைத் திறந்தாலே எனக்கு முகம் சுண்டிவிடும். தாங்கள்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பிள்ளைகள் பயந்துபோவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். அது மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் தொடங்கிய வெட்கம்.

அப்போது நான் மலாக்கா டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா ரோட்டு வேலை இலாகாவில் மண்டோர். தாரும் கல்லும் சுமக்கும் ஆட்களை மேய்க்கிற வேலை. 'எஸ் சார்', 'நோ சார்' இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வெள்ளைக்கார துரைகளிடம் காலம் தள்ளியவர். துரைமார் மூட்டை கட்டப்போகிறார்கள் என்றதும் அவருக்கு இரண்டு யோசனைகள் தோன்றின. இங்கே இனிமேல்தான் இங்கிலீஷுக்கு மதிப்பு, ஆகவே மகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்பது ஒன்று. இந்த நாடு எப்படிப் போகுமோ தெரியாது, ஆகவே தன் தங்கையை ஊரில் நிலம் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஒனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு லா" என்றார் அப்பா. அத்தோடு சரி.

அந்தத் தங்கைதான் என் அத்தை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்சம் படித்துவிட்டு, தன் அம்மா அப்பா இருவரும் இறந்தபின் எங்கள் வீட்டுக்கு வந்து தையல் மெஷினே கதியென்று இருந்தாள். எங்கள் தெருவில் மலாக்கா செட்டிக் குடும்பங்கள் உண்டு. கோயிலில் எங்களோடு கற்பூரம் ஒற்றிக்கொள்வார்கள், வீட்டுக்குப் போனால் மலாய்தான் பேசுவார்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் அத்தைதான் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுப்பாள். அளவு எடுக்கும்போது அவர்களோடு மலாயில் பேசிப் பேசி, புது மொழி என்றால் அவளுக்குக் கூச்சமே விட்டுப்போயிருந்தது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் பிடுங்கிப் புத்தகத்தை எடுத்துவிடுவாள்.

"வாங்க டீச்சர், இன்னைக்கு என்னா பாடம்?" என்பாள்.

நானும் சும்மா இருக்கிற ஆளா? அடிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் மிஸ் செய்வது போலவே மேசையைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்துவேன். என்னைவிட இரண்டு மடங்கு வயதானவளுக்கு முட்டை மார்க் போடுவதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு நாள் அந்த 'இஃப்' பாடம் வந்தது. நடக்கிற காரியத்துக்கு ஒரு விதமாகச் சொல்ல வேண்டும், நடக்கவே நடக்காது என்று தெரிந்த காரியத்துக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும் என்று மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மிஸ் கொடுத்த உதாரணத்தையும் சொன்னேன்: 'இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃபிளை.' நான் பறவையாக இருந்தால் பறப்பேன்.

அத்தை மெஷினை நிறுத்திவிட்டாள். "நடக்காததப் பேசுறதுக்குன்னே தனியா ஒன்னு வச்சிருக்கானா வெள்ளக்காரன்? பரவால்லையே!" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அதே விளையாட்டு. தைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். நான் ஊசியாக இருந்தால் தொலைந்துபோவேன். நான் பூனையாக இருந்தால் அண்ணியின் பாலைக் குடிப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து "இப்ப மட்டும் என்ன கொறச்சல்?" என்று கேட்பாள். ஒருமுறை அத்தை, நான் கப்பலாக இருந்தால் கரையிலேயே நிற்பேன் என்று சொன்னாள். இலக்கணப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"கப்பல்னா ஓடணும் அத்தை. கரையில நிக்கிற கப்பல் எதுக்கு? வேற சொல்லுங்க" என்று சொல்லி முட்டை போட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் சிரம்பானிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊரில் நன்செய் இருக்கிறது, சுதந்திரம் வந்ததும் மகனோடு கப்பல் ஏறிவிட வேண்டும் என்று அவருடைய அம்மா துடித்துக்கொண்டிருக்கிறார் என்று தரகர் சொன்னார். அப்பாவுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல ஆகிவிட்டது. அத்தையிடம் விஷயத்தைச் சொன்னது அம்மா. சொன்னது என்றால், எந்தச் சேலையைக் கட்ட வேண்டும் என்று சொன்னதுதான்.

பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். அம்மாவுக்கு அதே கவலை. அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "கிராணி மாப்பிள்ளைக்குப் பாட்டு எதுக்கு? நம்ம புள்ள சொல்லிக் குடுத்த இங்கிலீஷ்ல ஒன்னு எடுத்து வுடட்டும்" என்றார். எது நீளமாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். பறவை வாக்கியத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் அத்தையை நிற்க வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அத்தை தப்பில்லாமல் சொன்னாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை என்பதை நான் கவனித்தேன். பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் டாக்சியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தரகரும். மாப்பிள்ளை ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அத்தை காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். நான் கதவோரத்தில், வாத்தியார் இடத்தில் நின்றேன். அன்றைக்கு எனக்குத்தான் பரீட்சை என்று நினைப்பு.

"பொண்ணு பாடுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பாட்டெல்லாம் வராதுங்க. இங்கிலீஷ் வரும்" என்றார் அப்பா.

"அப்படியா! எங்க, ஒன்னு சொல்லச் சொல்லுங்க கேப்போம்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தினாள். நேராக மாப்பிள்ளையைப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"இஃப் ஐ வேர் ஆஸ்க்ட், ஐ வுட் ஸ்டே ஹியர்."

என்னைக் கேட்டால் நான் இங்கேயே இருந்துவிடுவேன்.

அத்தை பயத்தில் பறவையை மறந்துவிட்டாள், தையல் மெஷினில் உட்கார்ந்து தானாகக் கட்டுகிற வாக்கியங்களில் ஏதோ ஒன்று வாயில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கதவோரத்திலிருந்து 'பேர்ட்... பேர்ட்...' என்று வாயசைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மாப்பிள்ளை வாய்க்குக் கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றார்.

"என்னப்பா சொல்லுது பொண்ணு?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

"நாம வந்ததுல ரொம்ப சந்தோஷமாம்" என்றார் அவர்.

எல்லோருக்கும் வாயெல்லாம் பல். "ரேடியோவுல பேசுற மாதிரியில்ல பேசுது!" என்று அந்த அம்மா பையிலிருந்து பூவை எடுத்து அத்தையின் தலையில் வைத்துவிட்டார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "எல்லாம் இந்தப் புள்ள சொல்லிக் குடுத்ததுதாங்க" என்று என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். அந்த அறையில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவரான மாப்பிள்ளை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நன்றாகப் பாடம் நடத்தியிருக்கிறாய் என்று கேலி செய்வது போலத் தோன்றியது. கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெட்கம் என்றால் என்ன என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. காது மடலெல்லாம் எரிந்தது. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியும் அடங்கவில்லை.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். மாப்பிள்ளைக்கு இப்போது கல்யாணத்தில் இஷ்டமில்லையாம், பெண்ணின் மேல் ஒரு குறையும் சொல்லவில்லையாம் என்றார். அப்பா இடிந்துபோனார். "பூ வச்சிட்டுல்ல போனாங்க! பூ வச்சிட்டுல்ல போனாங்க!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அழுதாள். நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். என் பாடத்தால்தான் ஒரு கல்யாணமே கெட்டுவிட்டது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். வாயைத் திறந்தால் அப்பா இனி என் முகத்திலேயே விழிக்கமாட்டார் என்று பயந்து மென்று விழுங்கினேன்.

அத்தை மட்டும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தாள். சாயங்காலம் என் பையை இழுத்து, "டீச்சர், இன்னைக்கு என்னா பாடம்?" என்றாள். பெரிய அவமானத்துக்குப் பிறகு எப்படி இவளால் சிரிக்க முடிகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"இனிமே பாடம் கெடையாது" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"ஒங்களுக்கு வராது."

அத்தை மெஷினுக்குத் திரும்பிப் போனாள். அடுத்து வந்த சில நாட்களும் கேட்டுப் பார்த்தாள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அடுத்த மாப்பிள்ளை முன்னால் இவள் மறுபடி உளறிவைக்கக் கூடாது, அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அடுத்தவர் தெங்கேராவில் மளிகைக் கடையில் பங்கு வைத்திருந்தவர். பங்கைக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விடப் போகிறவர். நல்ல மனுஷர்தான். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. பாட்டும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு "நமக்குச் சம்மதம்" என்றார். அத்தை அன்றும் தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள். சுற்றிலும் அண்ணன், அண்ணி, வந்திருந்த பெரியவர்கள். எல்லோருக்கும் புரிகிற தமிழ்தான் அவளிடம் இருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாடா, அத்தை உளறவில்லை என்று நான் மூச்சு விட்டேன்.

அவள் அன்றும் உளறவில்லை, கிராணி வந்த ஞாயிற்றுக்கிழமையும் உளறவில்லை என்று எனக்குத் தெரிய நான் டீச்சராக வேண்டியிருந்தது. கரும்பலகையில் அந்த வாக்கியத்துக்கு உதாரணம் எழுதப் போனவள் சாக்பீசோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் தெருவில் வெளுத்துக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தபோது அத்தை கிளம்பினாள். வாசலில் டாக்சி நின்றது. கெபாயா தைத்துக்கொண்ட பெண்களெல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் ஏதேதோ சொல்லி அழுதார்கள். அத்தை அவர்களுக்கு மலாயில் ஆறுதல் சொன்னாள். கடைசியில் என் முன்னால் வந்து குனிந்தாள்.

"டீச்சர், அந்தப் பாடத்துக்கு அடுத்த பாடம் நீங்க நடத்தவே இல்லையே. அது என்னா பாடம்?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, என் குற்றத்தைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று எனக்கு முகம் எரிந்தது. அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ஒன்னும் இல்ல, அத்தோட முடிஞ்சிடுச்சு" என்றேன்.

முடியவில்லை. அடுத்த பாடத்தை எங்கள் மிஸ் அந்த மாதமே நடத்திவிட்டிருந்தார். நடந்து முடிந்து இனி மாற்ற முடியாமல் போனதைச் சொல்லுகிற பாடம் அது. 'என்னைக் கேட்டிருந்தால்' என்று அதில் சொல்லலாம். நான் அதில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியிருந்தேன்.