பாறையக்கா தப்பித்த விதம்

அலுவலகத்தில் அவளைப் பாறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல் நெஞ்சக்காரி போலிருக்கிறது என்று யாரும் தப்புக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். கணினி விளையாட்டுகளுக்குப் படம் வரையும் அந்த நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வரைவது பாறை. பாறை அலுத்தால் சுவர், சுவர் அலுத்தால் மரப்பீப்பாய், பிறகு மறுபடியும் பாறை. வாளைச் சுழற்றிக்கொண்டு வீரன் பாய்வான். அவன் ஏறி நிற்கிற பாறை இவளுடையது. விளையாடுகிறவன் எவனும் பாறையைப் பார்ப்பதில்லை. அதில் அவளுக்கு வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கோ அது பரம சுகம். ஜன்னலோரம் ஒரு மேசை, காதில் பாட்டு, பாசி படிந்த ஒரு கல். மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு குறைதான். ‘வேண்டாம்’ என்ற சொல் அவள் வாயில் வராது. செருப்புக் கடைக்காரர் சின்ன அளவைக் காட்டி, “நடக்க நடக்கச் சரியாயிடும்மா” என்றார். வாங்கி வந்தாள். அந்தச் செருப்பு இன்னும் சரியாகவில்லை, அவளும் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆகவே மேலாளர் மேடம், “இந்தத் தடவை போட்டியில நீங்களும் கலந்துக்கணும்” என்றபோது தலை தானாக ஆடிவிட்டது.

எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஓவியப் போட்டி அது. புதிய விளையாட்டு ஒன்றுக்கு முகப்புப் படம் வரைய வேண்டும். தலைப்பு, ‘தப்பித்தல்’. முதலாவதாக வருகிறவர் வேறு ஊரிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போய் ஓவியக் குழுவுக்குத் தலைவராக வேண்டும். அவள் வீட்டில் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் மறுநாளே பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துக் கூடத்தில் வைத்துவிட்டான். உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, “அவ பெரிய ஆளாகப் போறா” என்று பீற்றிக்கொண்டான். குழுத் தலைவர் என்றால் விடிந்தால் அடைந்தால் கூட்டம், யாரையாவது திட்ட வேண்டும், யாரிடமாவது திட்டு வாங்க வேண்டும். அது அவளால் ஆகாத காரியம். ஆனால் ஆசையாகப் பெட்டியைத் துடைக்கிற மனிதனிடம் போய் எனக்கு இஷ்டமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஒரு பெரிய தாளை விரித்தாள். யோசனை சேர்ப்பதற்கு அவர்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் ‘வேண்டாம்’ என்ற பேச்சே கூடாது. இவளுக்கென்றே போட்ட சட்டம்!

“ஜெயில். சுவர் ஏறிக் குதிக்கிறான்” என்று கணவன் ஆரம்பித்து வைத்தான்.

“இதைத்தான் எல்லாக் கிளையிலயும் வரைவாங்க” என்றபடியே எழுதினாள்.

“பல்லி. வாலை விட்டுட்டு ஓடிடுது பாரு. போன வாலைப் பத்திக் கவலையே படாது.”

அதையும் எழுதினாள். பொங்கி வழிகிற பால், வாய் தவறி விழுந்த வார்த்தை, தோற்கப் போகிறோம் என்று தெரிந்து சதுரங்கப் பலகையை விட்டு இறங்கி நடக்கும் சிப்பாய் என்று அவளுக்கும் வரிசையாக வந்தது. சிப்பாயைக் கேட்டுக் கணவன் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

முழங்கால் வலிக்காரரான மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “டாக்டர் சொன்ன கால் பயிற்சிலேர்ந்து ஒரு ஆள் தப்பிக்கிறான்மா. போர்வைக்குள்ள தலையணையை வெச்சுட்டு, பின்வாசல் வழியா டீக்கடைக்கு நழுவிடறான்.”

“மாமா, அப்போ நேத்து நான் குரல் கொடுத்தது தலையணைக்கா?”

“முதல் சுற்றுல கேள்வி கேக்கக் கூடாது. எழுதும்மா.”

சிரிப்பு அடங்கியதும் கணவன் தன் தொழிலுக்கு வந்தான். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் தானா தப்பிக்கவே பார்க்கக் கூடாது. கதவை நெம்பறவன்தான் கையை உடைச்சுக்குவான். மணியை அடிச்சாப் போதும், நான் போய்த் திறந்து விடுவேன். ஆனா சில பேர் இருக்காங்க. மணி அடிக்க வெட்கப்பட்டுக்கிட்டு உள்ளேயே நிப்பாங்க. கேட்டா, ‘உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு’ம்பாங்க!”

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குப் பேனா மட்டும் நகரவில்லை.

கடைசியில் அவள் வரைந்தது ஒரு பள்ளம். செங்குத்தான பாறைச் சுவர், மேலிருந்து தொங்கும் கயிறு, அதைப் பிடித்து ஏறும் ஒரு ஆள், அடியில் அவன் கழற்றிப் போட்ட இறுக்கமான செருப்பு. செருப்புக்கு மாதிரி எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. பாறை அவள் பெற்ற பிள்ளை மாதிரி வந்தது. ஆள்தான் கட்டி வைத்த துணி மூட்டை மாதிரி வந்தான். கணினியில் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்குவதுபோல லேயர் லேயராகத்தான் வரைவார்கள். எந்த லேயரை வேண்டுமானாலும் சற்று நேரம் மறைத்துவைக்கலாம். அந்த மூட்டையைப் பார்க்கப் பிடிக்காமல் அவன் லேயரை மறைத்துவிட்டுப் பாறைக்கு மெருகு போட்டாள். போட்ட கையோடு படத்தையும் அனுப்பிவிட்டாள்.

அன்று மதியம் டீ குடிக்கும்போதுதான் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தாள். பாறை இருந்தது, கயிறு இருந்தது, செருப்பு இருந்தது. ஆளைக் காணோம்! பகீரென்றது. மாற்றி அனுப்பச் சாயங்காலம் வரை நேரமிருந்தது. கை மவுஸுக்குப் போனது. ஆளே இல்லாத படம் எப்படி ஜெயிக்கும் என்று ஒரு நினைப்பு அப்போது குறுக்கே வந்தது. கை மெதுவாக டீக் கோப்பைக்குத் திரும்பியது. அன்று குடித்த டீ மாதிரி ருசியாக அவள் குடித்ததேயில்லை.

முடிவு வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். பாறையக்காதான் முதல்! மற்றவர்கள் தப்பித்துக்கொண்டிருப்பவனை வரைந்தார்களாம், இவள் ஒருத்திதான் தப்பித்துப் போய்விட்டவனை வரைந்தாளாம். நடுவர்கள் அப்படி எழுதியிருந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். “மேடம், அது தப்பா போன படம். ஆள் இருந்த லேயரை மறைச்சு வெச்சேன், திரும்ப எடுத்துவிட மறந்துட்டேன். தெரிஞ்ச பிறகும் மாத்தல.”

மேடம் சிரித்தார். “அதனால என்ன? படம் நல்லா இருக்கு. சரி, எப்போ கிளம்பறீங்க?”

பழைய தலை பழைய பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. மணி அடிக்க வெட்கப்பட்டு லிஃப்டுக்குள் நிற்பவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். தலையை நிறுத்தினாள்.

“வேண்டாம் மேடம்.”

“என்ன வேண்டாம்?”

“தலைமை அலுவலகம் வேண்டாம், குழுத் தலைமையும் வேண்டாம். எனக்குப் பாறை போதும்.”

வானம் இடிந்து விழவில்லை. “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? ரெண்டாவதா வந்தவங்க அவங்க கிளையில அழுதுட்டு இருக்காங்களாம். அவங்களுக்குச் சொல்லிடறேன்” என்று மேடம் போனை எடுத்தார்.

அதோடு முடிந்ததா? வீட்டில் பெட்டியல்லவா காத்திருக்கிறது! சொல்ல வேண்டியதை வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“ஜெயிச்சுட்டேங்க” என்றாள் வாசலிலேயே.

“அட! எனக்குத் தெரியும்!” என்று கணவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“ஆனா போகலைன்னு சொல்லிட்டேன்.”

குலுக்கிய கை நின்றது. அவன் மெல்லப் போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். பாவம், மனசை உடைத்துவிட்டோம் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

“நெஜமாவா?”

“நெஜமாத்தாங்க.”

“இனிமே மாத்த முடியாதே?”

“முடியாது.”

“அப்பாடா!” என்றான் அவன். அடிவயிற்றிலிருந்து வந்தது அது. “பெட்டியை இறக்கின நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. இந்த ஊர்ல எந்த லிஃப்ட் எந்த மாடியில அடம் பிடிக்கும்னு என் கைக்குத் தெரியும். அங்க போய் என்னத்தைப் பண்றது? நீ ஆசைப்படறியேன்னு வாயைத் திறக்கல.”

“நான் ஆசைப்பட்டேனா? நீங்கதானே பெட்டியைத் துடைச்சீங்க!”

“நீ தலையை ஆட்டினியே!”

“மணி அடிக்காம உள்ளேயே நிக்கறவங்களைப் பார்த்துச் சிரிக்கறீங்க, நீங்களும் அடிக்கலையே” என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “அப்போ நாம எங்கேயும் போகலையே? நல்லதாப் போச்சு. அங்க பின்வாசல் இருக்குமோ இருக்காதோன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன்.”

அன்றைக்கே பெட்டி பரணுக்கு ஏறியது. ஏற்றுமுன் அவன் மூடியைத் திறந்து வாசலைப் பார்த்தான். “காலியாத்தானே போகுது? உன்னோட அந்தச் செருப்பு கிடக்கே, அதையும் இதுல போட்டு வெச்சுடவா? என்னிக்காவது...”

“வேண்டாம்” என்றாள் அவள், அவன் முடிப்பதற்குள்.