எரியுதா பாய்?

ஜோசப்பின் கையிலிருந்து கார் சாவியை அவருடைய ஓனர் வாங்கிக்கொண்டது என் பட்டறை வாசலில்தான். அதற்குச் சாட்சி சொன்னவன் நான். இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

அரியமங்கலத்தில் கார் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். ஜோசப் வாடகைக் கார் டிரைவர். ரயில்வே ஜங்ஷனில் இறங்குகிறவர்களை ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏற்றிப் போவார். பிரேக் லைட் எரியவில்லை என்று அதற்கு முதல் நாள் வந்திருந்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்ச் தேய்ந்திருந்தது. கோளாறு அகப்பட்டுவிட்டது என்று அதை மாற்றினேன். டிக்கியைத் திறந்து பல்புகளையும் துடைத்துப் போட்டேன்.

பெடலை மிதிப்பவனுக்குப் பின்னால் எரிவது தெரியாது. அதனால் சீட்டில் இருந்தபடியே எதிர் டீக்கடை பஷீர் பாயிடம் “எரியுதா பாய்?” என்று கத்துவேன். டீ ஆற்றிக்கொண்டே பார்த்துச் சொல்வார். அன்றும் எரியுது என்றார். டிக்கியை அறைந்து மூடி வண்டியை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காவிரிப் பாலத்தில் ஜோசப் பிரேக் பிடிக்க, பின்னால் வந்த பைக்காரர் மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். லைட்டே எரியவில்லை என்று அவர் சொல்ல, ஓனர் காரையும் ஜோசப்பையும் என்னிடம் கூட்டி வந்துவிட்டார். என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டிக்கியைத் திறந்தேன், ஜோசப்பைப் பெடலை மிதிக்கச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது.

“பாத்தீங்கல்ல? லைட்டுல ஒண்ணும் இல்ல சார். இவருதான் படக்குன்னு பிரேக் அடிச்சிருப்பாரு” என்றேன்.

“மெதுவாத்தாண்ணே புடிச்சேன்” என்றார் ஜோசப். ஓனர் சாவிக்குக் கையை நீட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஜோசப் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். நான் டிக்கியை மூடினேன். ஓனர் வண்டியை எடுக்கப் பிரேக்கை மிதித்தார். எதிர்க் கடையிலிருந்து பாய், இப்போது எரியவில்லையே என்றார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. நேற்று எரியுதுன்னு சொன்னீரே என்று பாய் மேல் பாய்ந்தேன்.

“நீங்க கேட்டப்ப எரிஞ்சுதுங்க. டிக்கிய மூடுனப்புறம் நீங்க கேக்கவே இல்லையே” என்றார் அவர்.

திறந்தால் எரிந்தது, மூடினால் அணைந்தது. டிக்கிக் கீலை ஒட்டிப் போகும் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது; மூடும்போது கீல் அழுத்தி அதைப் பிரித்துவிடும். பைக் இடித்ததில் அறுந்தது என்று சொல்லிவிடலாம் என வாய் வரைக்கும் வந்தது. உறையைச் சீவினேன். செம்பு பச்சை பூத்துக் கிடந்தது, பழைய முறிவு. ஜோசப் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையது சார் என்றேன். ஓனர் சாவியை ஜோசப்பிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பைக்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பரவாயில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, வண்டி ரோட்டில் எப்படி ஓடுமோ அப்படி எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சோதியுங்கள். உங்கள் வேலையைக் காப்பாற்ற இன்னொருவர் பிழைப்பின் மேல் கை வைக்காதீர்கள்.

ஜோசப் இன்னும் என்னிடம்தான் வருகிறார். வேலை முடிந்ததும் அவரே டிக்கியை மூடிப் பின்னால் போய் நின்று, “இப்ப மிதிங்கண்ணே” என்பார். குத்திக் காட்டும் மனுஷன் இல்லை. ஆனாலும் மிதிக்கும்போது நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.