பஷீருக்குப் பிடிக்காத ஆட்டக்காரன்

மட்டாஞ்சேரியில் பஷீரைப் பெரும்பாலோருக்குப் பிடிக்காது. பஷீருக்கும் அவர்களைப் பிடிக்காது. இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சந்தீப்பை அவர் வெறுத்தது தனி ரகம். மற்றவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சந்தீப்பைக் கண்டால் திருப்ப முடியாது. அதுதான் அவருடைய கோபமே.

பஜார் ரோட்டில் அவருக்குச் சாக்குக் கடை. மிளகும் சுக்கும் வந்திறங்கிய பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிந்ததைத் தைத்து, தரம் பிரித்து விற்கும் தொழில். ஒவ்வொரு சாக்கையும் வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவார். ஆட்களையும் அப்படித்தான் பார்ப்பார். "ராவுத்தர் நம்மளையும் வெயில்ல புடிச்சுப் பாத்துருவாரு" என்று சுமை தூக்குகிறவர்கள் அவர் காதில் விழும்படியே சொல்லிச் சிரிப்பார்கள்.

கடையைப் பூட்டியதும் நேரே வாசகசாலைக்குப் போவார். அங்கே பின்கட்டில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை உண்டு. பஷீர் இளமையிலிருந்து அங்கே ஆடுகிறார். ஆட்டம் என்று அதைச் சொன்னால் பலர் சண்டைக்கு வருவார்கள். மேசையை ஒட்டி நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் மெல்லத் தள்ளி விடுவார். அடிக்க மாட்டார். எதிராளி பொறுமையிழந்து அடித்து வலையில் மாட்டுவான். வாசகசாலையின் வருஷாந்திரக் கோப்பை பல வருஷமாக அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

பின்கட்டில் நாற்காலி கிடையாது. இருந்தவை உடைந்தபின் செயலாளர் புதிது வாங்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் தங்கள் கடையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். போகும்போது தூக்கிக்கொண்டு போகவேண்டும். கைதட்டலில்கூடப் பொய் இருக்கலாம். ஸ்டூலில் இருக்காது. பஷீர் ஆடத் தொடங்கியதும், கிளம்புகிறவர்களின் ஸ்டூல்கள் தரையில் உரசும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்காமலே அவர் அதைக் கேட்பார். பந்தை இன்னும் மெதுவாகத் தள்ளுவார்.

சந்தீப் ஆடினால் ஸ்டூல்கள் வரும். பக்கத்துச் சுள்ளிக்கல்லில் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிற பாலக்காட்டுத் தமிழ்ப் பையன். முப்பது வயது இருக்கும். பின்கட்டு நீளம் குறைவு என்பதால் ஒரு பக்கக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். பின்வாங்கிப் பின்வாங்கி அந்தக் கதவு வழியாகச் சந்துக்கே போய்விடுவான். அங்கிருந்து கதவு நிலைக்கு அடியில் பந்தை வளைத்து அனுப்புவான். அது உத்தரத்தைத் தொடுவதுபோல உயர்ந்து, மேசையின் கடைசி ஓரத்தில் வந்து விழும். கூட்டம் "அடிபொளி!" என்று கத்தும். அவன் தோற்பதும் உண்டு, அடிக்கடி உண்டு. தோற்றாலும் ஒருவரும் ஸ்டூலைத் தொட மாட்டார்கள்.

"சர்க்கஸ்" என்றார் பஷீர், நடுவர் வெங்கிடராமனிடம்.

"சர்க்கஸ்னா நீர் ஏன் ஓய் முதல் வரிசைல நிக்கறீர்?" என்றார் வெங்கிடராமன்.

"குறை பாக்க நிக்கறேன், சாமி."

அந்தக் குறையைக் கடையிலும் பார்த்தார். யாரோ சந்தீப்பின் ஆட்டங்களைப் படம் பிடித்து வாட்ஸப்பில் சுற்ற விட்டிருந்தார்கள். சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். ஒருநாள் மதியம் சோற்றுப் பாத்திரத்தோடு வந்த அவர் மனைவி சுல்ஃபத் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"யாரது? நீங்க திட்டிக்கிட்டே இருப்பீங்களே, அந்தப் பையனா?"

"ஓட்டை எங்கேன்னு பாக்கறேன். ஃபைனல்ல இவன்கூடத்தான் ஆடணும்."

"ஓட்டை பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க" என்று சொல்லிப் பாத்திரத்தை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தெருவைத் தாண்டும்வரை பொறுத்து, அதே ஆட்டத்தை முதலிலிருந்து போட்டார்.

இறுதி ஆட்டத்துக்குப் பஷீர் ஒரே ஒரு எண்ணத்தோடு போனார். ஜெயிப்பது போதாது. அவன் ஆட்டத்தில் இருக்கிற மினுக்கை இந்த ஊரின் கண் முன்னால் பிடுங்கி எறியவேண்டும். சப்பென்று ஆக்கவேண்டும். ஆக்கினார். நாலு செட்டும் தள்ளித் தள்ளி அவனைக் களைக்கவைத்தார். இரண்டு அவருக்கு, இரண்டு அவனுக்கு. ஐந்தாவதில் பத்துக்கு ஒன்பது என்று முன்னால் இருந்தார். இன்னும் ஒரு புள்ளி. சர்வீஸ் அவர் கையில்.

அந்தப் புள்ளி நீண்டது. சந்தீப் பின்வாங்கினான், கதவைத் தாண்டினான், சந்துக்குப் போனான். இருட்டிக்கொண்டு வந்த சந்தில் ஒரு ஸ்கூட்டர்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வழிவிட்டான். சந்தீப் வழுக்கி, முழங்காலில் விழுந்து, விழுந்தபடியே பந்தை உள்ளே தூக்கிப் போட்டான். பந்து சோர்ந்து போய் வலைக்குப் பக்கத்தில், பஷீரின் மார்பு உயரத்தில் வந்து நின்றது. லேசாகத் தொட்டுக் கீழே விட்டால் போதும். எதிரே மேசை காலி. ஆள் வெளியே மண்ணில் கிடக்கிறான்.

பஷீரின் கை அதை மறுபடி உயரத் தூக்கி விட்டது. மெதுவாக, கதவுப் பக்கமாக, அவன் எழுந்து வருவதற்கு நேரம் கொடுத்து.

ஏனென்று அந்த நொடியில் அவருக்கே தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இவன் இப்போது என்ன செய்வான்?

சந்தீப் நிலையைப் பிடித்து எழுந்தான், பாய்ந்தான், பந்து அவனைக் கடந்து போன பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தான். பந்து வலையைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக வளைந்து மேசை மூலையில் விழுந்து ஓடிப்போனது. பின்கட்டு அதிர்ந்தது. பஷீர் வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்த இரண்டு புள்ளிகளும் எப்படிப் போயின என்று அவருக்கு நினைவில்லை.

கோப்பையைக் கையில் வாங்கிய சந்தீப் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நேராக அவரிடம் வந்தான். அண்ணன் முறையில் 'இக்கா' என்றுதான் எப்போதும் கூப்பிடுவான்.

"பஷீர்க்கா, அது எந்தா? ஏன் விட்டீங்க?"

"எதை?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. தொட்டிருந்தா கேம் முடிஞ்சுது. நான் தரையில கிடந்தேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று இருந்தது அவருக்கு. வேறொரு பதில் நாக்கு நுனியில் தயாராக வந்தது, கூர்மையாகவும் இருந்தது.

"பாவம் பாத்து விட்டேன்டா. உனக்குக் கைதட்ட இத்தனை பேர் வந்திருக்காங்க. ஜெயிச்சுட்டுப் போகட்டுமேன்னு."

அவன் முகம் வெளுத்ததைப் பஷீர் ரசித்தார். சந்தீப் கோப்பையை மேசைமேல் வைத்தான்.

"உங்க தர்மத்தை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்க. இனி இந்தப் படி ஏற மாட்டேன்."

ஏறவில்லை. பாலம் தாண்டித் தேவராவில் ஒரு கிளப்பில் ஆடுகிறான் என்று பிறகு தெரிந்தது. பஷீர் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. அவர் தினமும் ஜெயித்தார். பார்க்க ஒருவரும் வரவில்லை. வெங்கிடராமன் புள்ளி சொல்லிக்கொண்டே கொட்டாவி விட்டார். "நன்னாத் துரத்திட்டீர் ஓய். இப்போ சந்தோஷம்தானே?"

"பெரிய சந்தோஷம்."

கடையில் பழைய படங்களைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. பந்து எங்கே வரும், எப்போது கூட்டம் கத்தும், எல்லாம் மனப்பாடம். அவருக்கு வேண்டியிருந்தது அடுத்தது என்னவென்று தெரியாமல் நிற்பது. சாக்கில், வீட்டில், வியாபாரத்தில், தன் சொந்த ஆட்டத்தில், எல்லாவற்றிலும் அடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தத் தடியன் ஒருத்தனிடம் மட்டும் தெரியாது. அவனை இன்னும் அதிகமாக வெறுத்தார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் சுல்ஃபத்திடம் சரக்குப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு தேவராவுக்கு பஸ் ஏறினார். விசாரித்து அந்தக் கிளப்பைக் கண்டுபிடித்தார். உள்ளே போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தீப் ஆடிக்கொண்டிருந்தான். சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டவன் அவரைப் பார்த்துவிட்டான். பந்து கீழே விழுந்து உருண்டது.

"ஆரா அது?" என்றான் எதிரே நின்றவன்.

"எங்க ஊர்ல தர்மம் பண்றவரு." சந்தீப் ஜன்னலுக்கு வந்தான். "என்ன பஷீர்க்கா? இங்கேயும் யாருக்காவது பாவம் பாக்கணுமா?"

பஷீர் கம்பியை இறுகப் பிடித்தார். "பாவமும் இல்ல, மண்ணும் இல்ல. பொய் சொன்னேன்."

"அப்புறம்?"

"நீ என்ன பண்ணுவேன்னு பாக்கணும்னு இருந்தது. அதான் தூக்கி விட்டேன். போதுமா? பல்லைக் காட்டாதடா."

சந்தீப் பல்லைக் காட்டவில்லை.

"பாக்கணும்னா பாக்கறவங்களோட உக்காரணும் பஷீர்க்கா. கையில பேட்டை வெச்சுட்டு எதிர்ல நின்னு பாக்கக் கூடாது. அது களவு. என் ஜெயத்தைக் களவாண்டுட்டீங்க."

ஓட்டை அவர் பக்கம்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளும் பழக்கமும் இல்லை.

"மட்டாஞ்சேரிக்கு வருவியா?"

"வர மாட்டேன்."

"வராதே. யார் கூப்பிட்டா? எனக்கு இங்கே வர பஸ் இருக்கு."

"தினமும் வருவீங்களா, என்னைத் திட்ட?"

"நீ ஒழுங்கா ஆடாட்டித் திட்டுவேன்" என்றார் பஷீர். "இப்போ வாயை மூடிட்டுப் போய் சர்வீஸ் போடு."