மஞ்சளாகப் பதிவான வெள்ளைப் பட்டு

எங்கள் கல்யாண வீடியோவை எடுத்தவனை இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நாசமாய்ப் போகிறவன்! மாதா கோயில் வாசலில் வெயிலில் நின்று, ஒரு வெள்ளைத் தாளைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, அப்படியே உள்ளே வந்துவிட்டான். பீடத்தைச் சுற்றி முழுக்க மஞ்சள் வெளிச்சக் குண்டு பல்புகள். நம் கண் எந்த விளக்கிலும் வெள்ளையை வெள்ளை என்று தானாகப் பிடித்துக்கொள்ளும். கேமராவுக்கு வெளிச்சம் மாறும்போதெல்லாம் எது வெள்ளை என்று மறுபடி காட்ட வேண்டுமாம். ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன்க்கா, இப்ப இன்னா? மூஞ்சி நல்லாத்தானே கீது" என்றான்.

என்னவா? ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த என் அப்பா, தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து எடுத்துக்கொடுத்த வெள்ளைப் பட்டு, கேசட்டில் பழைய தலையணை உறை மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது.

மேனாம்பேட்டில் என் மாமியார் வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் வந்தாலும் அந்தக் கேசட்டைப் போடுவார்கள். "பாரு, எவளோ கட்டின பழம்புடவைய வாங்கி, கட்டிவுட்டு அனுப்பிகீறாங்க" என்பார் மாமியார். கல்யாணத்தன்று கோயிலில் என் முந்தானையைத் தடவி, பால் மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் இதே அம்மாள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கூடம் நிறைய அவர்கள் உறவுக்காரர்கள். அப்பாவும் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர் முன்னாலேயே கேசட், அதே பேச்சு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பீரோவைத் திறந்து புடவையை எடுத்துவந்து மாமியார் மடியில் போட்டேன்.

"பாருங்க அத்தே. இதுல எங்க இருக்கு மஞ்சள்?"

"வெளுக்கப் போட்டு எடுத்தாந்திருப்பே."

"ஃபாதரோட அங்கியும்தான் டிவியில மஞ்சளா தெரியுது. அதுவும் எவனோ போட்டுக் கழிச்சதா? உங்க நரைச்ச முடியும் மஞ்சளா இருக்கே, அதையும் இரவல் வாங்கினீங்களா?"

"இவ வாயப் பாரு!" என்று கத்தினார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடுகிற கூட்டம். புடவை மடியில் கிடக்க, எல்லார் கண்ணும் டிவியில் இருந்தது.

கணவர் பக்கம் திரும்பினேன். "பீடத்துல என் பக்கத்துலதானே நின்னீங்க. எங்கப்பா முன்னால நீங்களே சொல்லுங்க. என்ன கலர்?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "மஞ்சளாத்தான் கீது" என்றார்.

அப்பா, கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டார்.