மெலிந்ததுதான் குற்றம்

கொழும்பு வெள்ளவத்தையில் சிவக்கொழுந்தின் குறட்டைக்குத் தனி மரியாதை இருந்தது. மனுசனுக்கு எவ்வளவு நிம்மதியான நித்திரை என்று மேல்வீட்டுக்காரர்களே பொறாமைப்பட்டார்கள். அந்த நிம்மதியான மனிதர், புறக்கோட்டையில் தான் வேலை பார்த்த இரும்புச்சாமான் கடையில், வந்தவர் ஆணி கேட்டு முடிப்பதற்குள் மேசையில் சாய்ந்துவிடுவார். விழித்தால் பசிக்கும். பசித்தால் வடை. உடம்பு நூறு கிலோவைத் தாண்டியது அப்படித்தான்.

குறட்டைக்கு நடுவில் மூச்சே நின்றுபோவது மனைவி ஜெகதீஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். அவள்தான் அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இது ஸ்லீப் அப்னியா என்றார் டொக்டர். படுத்தவுடன் கழுத்துக் கொழுப்பு தொண்டையை அமுக்குகிறது, மூச்சு அடைபடுகிறது, உடம்பு திடுக்கிட்டு எழுப்புகிறது, இரவு முழுக்க இதே கூத்து. விட்டால் இருதயத்துக்கும் ஆபத்து. தேவைப்பட்டால் மூச்சுக்கு மெசின் பூட்டலாம், முதலில் எடையைக் குறையுங்கள் என்றார்.

ஜெகதீஸ்வரி வடையைத் தடைசெய்தாள். யுத்தம் முற்றியிருந்த அந்த நாட்களில் கொழும்பில் தடைகளுக்குக் குறைவில்லை. இது ஒன்றுதான் ஒழுங்காக அமுலானது. வருடம் திரும்புவதற்குள் சிவக்கொழுந்துக்குத் தாடை என்று ஒன்று இருப்பது ஊருக்குத் தெரியவந்தது. குறட்டை பாதியானது. கடையில் ஆணி விற்றது.

மெலியாதது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அதில் பூசணிக்காய் போல ஒருவர் உம்மென்று இருந்தார். பழையதைக் கொடுத்துப் புதியதுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்வரை அட்டையில்லாமல் திரிய எந்தத் தமிழன் துணிவான்? சிவக்கொழுந்தும் துணியவில்லை.

ஒரு பின்னேரம் காலி வீதிச் சோதனைச் சாவடியில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இது வேறு ஆளின் அட்டை என்றான் பொலிஸ்காரன். எந்தக் காட்டில் பயிற்சி எடுத்து மெலிந்தாய் என்று கேட்டான். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூச்சு, தொண்டை என்று சிவக்கொழுந்து சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கொழுத்தது.

அவரைப் பிடித்து வைத்திருக்கிற செய்தி கேட்டு ஜெகதீஸ்வரி பொலிஸ் நிலையத்துக்கு ஓடினாள். அவரை அன்றைக்கே விசாரணைக்கு மேலிடத்துக்கு அனுப்பப் போவதாக சார்ஜன்ட் சிறில் சொன்னார். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவளுடைய சிங்களமோ மரக்கறி வாங்க மட்டுமே போதும். ஆகவே, அந்நிய ஆண் முன் கதிரையில்கூட இருக்காத அந்தப் பெண், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்தாள். குறட்டை விட்டாள். பொலிஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மூச்சை நிறுத்தினாள். நிறுத்தியபடியே கிடந்தாள். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கடைசியில் தொண்டை கிழிய மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து, புருசனைக் கையால் காட்டினாள்.

சிவக்கொழுந்து விம்மி அழுதார். தன்னுடைய சாவை ஒருத்தி இவ்வளவு பிழையில்லாமல் பாடமாக்கி வைத்திருப்பாள் என்று அவர் நினைத்ததேயில்லை.

சிறிலின் கை தன் பெரிய வயிற்றின்மேல் நின்றது. தன் மனைவியும் இதைத்தான் சொல்லி அழுகிறாள் என்று மெல்லச் சொல்லி, டொக்டரின் பெயரைக் கேட்டார். பிறகு அட்டையை நீட்டினார். புதுப் படம் எடுக்கும்வரை மனைவியையும் கூட்டிக்கொண்டு திரியட்டாம்.

வீதிக்கு வந்ததும் சிவக்கொழுந்து கேட்டார்: "இஞ்சேரும், இனி நான் மெலியிறதோ, விடுறதோ?"

"கொழுத்தா எனக்குத் தாலி போகும். மெலிஞ்சா நீங்கள் உள்ளுக்குப் போவியள்" என்றாள் ஜெகதீஸ்வரி. "உள்ளுக்குப் போனா நான் வந்து எடுப்பன். நடவுங்கோ, பஸ் வேண்டாம்."